நேர் வகிடும் கடலூர் பஸ்ஸும்

காலை ஆறே முக்காலுக்குச் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். வாழ்க்கையில் முதன்முதலாக நேர் வகிடு எடுத்து வெளியே கிளம்பிய நாள்.

ஐந்து வயதில் கொதிநீர் பட்டு, நடு நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு முடி முளைக்காத தழும்பு எனக்கு. முப்பது வருடமாக வலப்பக்க முடியை இழுத்து மூடியே காலம் தள்ளினேன். கல்யாணத்தன்று நெற்றிச்சுட்டிதான் மானத்தைக் காப்பாற்றியது. பத்து மாதம் முன்பு கடலூர் டாக்டர் ஒருவர் பின்னந்தலை முடியை எடுத்து அங்கே நட்டார். இன்று அதைக் காட்டப் போகிறேன்.

குடிகாடு ரசாயன ஆலைகள் அருகே மருந்து நெடி வந்ததும் எல்லாரும் ஜன்னலை மூடினார்கள். முடி நடப் போன அன்று இதே இடத்தில்தான் கணவரிடம் அழுதேன்.

"மாமா, பொம்மைக்கு ஒட்டின மாதிரி ஆயிட்டா என்னா பண்றது?"

"ஆனா ஆவட்டும். நான்தான பாக்கப் போறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

எட்டரைக்கு மஞ்சக்குப்பத்தில் டாக்டரின் கிளினிக். முடி நட்ட அன்றும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "ஸ்கேல் வச்ச மாதிரி நேரா நட்டுடுங்க சார்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "நேரா நட்டா நட்டதுன்னு காட்டிக் குடுத்துடும்மா. முன்னாடி ஒத்த ஒத்த முடியா, முன்னப்பின்னதான் வைக்கணும். சரி, வகிடு எந்தப் பக்கம் எடுப்பீங்க? முடி சாய்றது அதப் பொறுத்துதான்."

வாய்ப் பழக்கத்தில் "வலப்பக்கம்" என்றேன். மனசு கேட்கவில்லை. "இல்ல சார், நடுவுல."

இன்று லென்ஸ் வைத்துப் பார்த்து, "அருமையா வந்திருக்கு" என்றார். தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டால் எப்படி நம்புவது?

பத்தரை மணி பஸ்ஸில் பக்கத்தில் காடாம்புலியூர் அக்கா ஒருவர், மடியில் முந்திரிப் பையோடு. கடலூர் பழைய டவுன் தாண்டியதிலிருந்து என் தலையையே உற்றுப் பார்த்தார். நட்ட முடி என்று கண்டுபிடித்துவிட்டாரோ என்று முந்தானையை இழுத்து மூடப் போனேன்.

"ஏம்மா, கண்ணாடி பாக்காமயே கெளம்பிட்டியா? வகிடு கோணிக்கினு போவுது பாரு. சீப்பு இருக்குதா?"

கொடுத்தேன். ஓடுகிற பஸ்ஸில், தழும்பு இருந்த இடத்திலேயே சீப்பு முனையால் கோடு கிழித்து, குட்டை முடியை விரலால் படிய விட்டார்.

"இவ்ளோ முடி வச்சிக்கினு வாரத் தெரியலியே ஒனக்கு!"

"பழக்கமில்லக்கா" என்றேன்.

என் தலையைப் பார்த்து ஒருவர் வாரத் தெரியாதவள் என்று திட்டியது இதுதான் முதல் தடவை. சிதம்பரம் வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.