செய்முறைத் தேர்வில் ஒரு மீன்காரி

எங்கள் குப்பத்துக் குழந்தைகள் மையத்தில் உதவியாளர் வேலை காலியானபோது, அது எனக்குத்தான் என்று குப்பமே பேசியது. பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் காலையில் மீன் விற்றுவிட்டு, மதியம் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது என் பழக்கம். யாரும் கூப்பிட்டதில்லை, சம்பளமும் கிடையாது. எந்தப் பிள்ளை அழுதாலும் என் இடுப்பில் ஏறினால் அடங்கிவிடும், அவ்வளவுதான். ஆனால் வேலையைப் பற்றி விசாரிக்கப் போன ஆபீசில் இருந்த மேடம் ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிட்டார்.

“பத்தாவது பாஸாம்மா?”

நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் பத்தாவது எதற்கு என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, “இல்ல மேடம்” என்றேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். “இப்போதைக்கு ஆள் எடுக்கலம்மா. எடுக்கும்போது சர்ட்டிபிகேட்டோட வாங்க, பார்க்கலாம்” என்றார்.

அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டரில் விசாரித்தேன். அங்கே இருந்த பெண் இரண்டு வழி சொன்னாள். ஒன்று, திறந்தநிலைப் பள்ளி. பிடித்த பாடங்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், கணக்குக்குப் பயந்தால் கணக்கையே விட்டுவிடலாம். இன்னொன்று, பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற அதே பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதுவது. அதில் கணக்கும் உண்டு, அறிவியலும் உண்டு. அறிவியலுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் செய்முறைப் பயிற்சி எடுத்து, அதிலும் தேற வேண்டும்.

“மொதல் வழிதான்க்கா ஈஸி.”

“ரெண்டாவதுல பள்ளிக்கூடத்துக்குள்ள போய் உக்காரணுமா?”

“ஆமாக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை போணும்.”

“அப்ப அதையே போடு.”

வீம்புதான், வேறென்ன. சின்ன வயதில் பாதியில் எழுந்து வந்த பெஞ்சில் இன்னொரு முறை உட்கார வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை கிடந்தது. வீட்டுக்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னாமே, யூனிபார்ம் தைக்கணுமா உனக்கு?” என்றார். சிரித்து முடித்தபிறகு, “சனிக்கெழமை கடைய நான் பாத்துக்கினு இருக்கேன், நீ போய்ட்டு வா” என்றும் அவர்தான் சொன்னார்.

பயிற்சி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நடந்தது. முதல் நாள் போனபோது இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போனேன். இருந்தாலும் பக்கத்தில் இருந்த ஒருவர் ஸ்டூலை நகர்த்திக்கொண்டார். நான் முறைத்த முறைப்பில் அடுத்த வாரம் அவர் வேறு மேசைக்கே போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற பெண். ஆதம்பாக்கத்திலிருந்து வருவாள். “நாள் பூரா நின்னுக்கினே இருக்கேன்க்கா, இங்க வந்தாத்தான் உக்காரவே கெடைக்குது” என்பாள். அவளை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பூவைப் பிரித்துக் காட்டுவதும், இலையை வரைவதும், உப்பைக் கரைப்பதும் எனக்கு ஒழுங்காக வந்தன. என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு சோதனைதான். மீட்டர் ஸ்கேலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு பக்கம் எடை தெரியாத பொருள், இன்னொரு பக்கம் எடைக்கல். கல்லை முன்னே பின்னே நகர்த்தி, ஸ்கேல் சமமாக நின்றதும் தூரத்தை அளந்து, பொருளின் எடையைக் கணக்குப் போட வேண்டும். எடை பார்ப்பதே பிழைப்பாக இருப்பவளுக்கு இது ஒரு வேலையா என்று இளக்காரமாகத்தான் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் விடை தப்பு. ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

பயிற்சி கொடுக்கிற சார் குனிந்து பார்த்தார். “அம்மா, இது லெவலா இல்லையே.”

“லெவலாத்தான் சார் கீது.”

“பொருள் தொங்கற பக்கம் எறங்கியிருக்கு பாருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. என் கண்ணுக்கு அது சரியாகத்தான் இருந்தது. அவர் போனபிறகு துணிக்கடைப் பெண் மெதுவாகக் கேட்டாள். “யக்கா, கடையில நீ எடை போட்டா தராசு எப்படி நிக்கும்?”

“மீன் தட்டு கொஞ்சம் தாழ நிக்கணும். இல்லன்னா வாங்கறவங்க சும்மா வுடுவாங்களா?”

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மீன் தட்டு தாழ்ந்தால்தான் என் மனசு ஆறும். இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது, ஆனாலும் எண்ணைப் பார்த்தபிறகு மேலே ஒரு சின்ன மீனைப் போடாமல் பையைக் கட்டமாட்டேன். சமமாக நிற்கிற தராசு என் கண்ணுக்கு ஏமாற்றுகிற தராசு. அதைச் சார் சரி என்கிறார். தெரிந்தபிறகும் திருத்த முடியவில்லை. கல்லை நகர்த்துவேன், சமத்துக்குப் பக்கத்தில் வருவேன், விரல் தானாகவே ஒரு நூல் முன்னால் நின்றுவிடும். செய்முறையில் தேறாமல் அறிவியல் தேறாது, அறிவியல் தேறாமல் சான்றிதழ் வராது. பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிற வேலை இந்தக் குச்சியில் தொங்குகிறதே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தேர்வுக்கு முந்தைய வாரம் வீட்டுக்காரர் போன படகு கரைக்கு வந்த நேரத்தில் கூடையோடு நின்றிருந்தேன். விற்கிற மீன் போக, வீட்டுக் குழம்புக்கு என்று எடுத்து வைத்ததை அவர் மணலில் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். படகில் போன எல்லாருக்கும் ஆளுக்கொரு கூறு. ஒரு கூறில் கூடினால் எடுத்து இன்னொன்றில் வைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், மறுபடியும் மாற்றுவார். அங்கே கொசுறு கிடையாது. ஒருவனுக்கு ஒரு மீன் கூடினால் அது இன்னொருவன் வீட்டுக் குழம்பில் குறையும்.

“எப்டி கரெக்டா வருது உனக்கு?” என்று கேட்டேன்.

“இதுல யாருமே கஸ்டமர் இல்லமே. எல்லாரும் ஒண்ணா கடலுக்குப் போனவங்க” என்றார்.

தேர்வன்று எனக்கு அந்த ஸ்கேல் சோதனையே வந்தது. வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கமும் பங்கு, அந்தப் பக்கமும் பங்கு, இங்கே வாங்குகிறவர் யாரும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்லை நகர்த்தினேன். என் கண்ணுக்குக் கஞ்சத்தனமாகத் தெரிகிற இடத்துக்கு வந்ததும் நிறுத்திக் கையை எடுத்துவிட்டேன். அவர் விடையைப் பார்த்து, “சரியா வந்திருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுத்துத் தேர்வில் கணக்கு மட்டும் மயிரிழையில் தப்பியது. மற்றதெல்லாம் நன்றாகவே வந்தது. துணிக்கடைப் பெண்ணும் தேறினாள். இப்போது பன்னிரண்டாவது எழுதலாம் வா என்று போன் போட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த முறை மையத்துக்கு ஆள் எடுத்தபோது சான்றிதழோடு போனேன். வேலை கிடைத்தது.

மையத்தில் மாதா மாதம் பிள்ளைகளை எடை பார்ப்போம். தொங்குகிற தராசில் பிள்ளையை உட்கார வைப்பது நான், முள்ளைப் பார்த்து எழுதுவது டீச்சர். சேர்ந்த புதிதில், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சின்னப்பெண் தன் பிள்ளையைக் கொண்டுவந்தாள். பிள்ளை வதங்கிப் போயிருந்தது. அவள் என் காதோரம் வந்தாள்.

“யக்கா, கைய வெச்சுக் கொஞ்சம் அமுக்கேன். கம்மின்னு எழுதுனா எங்க மாமியா என்னத்தான் பேசும்.”

என் கை அதற்கே பழகிய கை. பாசம் வந்தால் ஒரு பக்கம் தாழ்த்தாமல் அதற்கு இருக்கத் தெரியாது. அன்றைக்குக் கையை எடுத்துவிட்டேன். முள் பாவமாக எங்கேயோ கீழே நின்றது. டீச்சர் உள்ளதை எழுதினார். அதனால்தான் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் சத்துமாவு கிடைத்தது, டாக்டரிடமும் அனுப்பினோம். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் தினமும் போய் அந்த மாவைக் கிண்டி ஊட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த மாதம் அவள்தான் முதல் ஆளாக வந்து நின்றாள். பிள்ளையை வாங்கி உட்கார வைத்தேன். முள் போன மாதம் நின்ற கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. டீச்சர் எண்ணைச் சொன்னார்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “அமுக்கலியே யக்கா?” என்றாள்.

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.