எந்த டிஸ்க் வேகம்?

எங்கள் பெரியப்பா எதை வாங்கினாலும் அது ஊரிலேயே சிறந்ததாக இருக்கும். அப்படி அவரே சொல்லுவார். தொண்ணூறுகளின் நடுவில் கணினி வாங்கியபோதும் அதையேதான் சொன்னார். பட்டர்வொர்த்தில் இருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் காரில் ஏற்றி, ஃபெரியில் கடல் தாண்டி, ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

காரணம் என் அக்கா. கோலாலம்பூருக்குப் போய்க் கணினி படிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "பொம்பளப் பிள்ளைக்கு டீச்சர் வேலை போதும் லா" என்பது பெரியப்பாவின் கட்சி. அண்ணன் பேச்சை அப்பா தாண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது, அக்கா பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கணினி. அதன் ஹார்ட் டிஸ்க்கைத் தன்னுடையது தோற்கடித்துவிட்டால் படிப்புப் பேச்சும் அடங்கிவிடும் என்று பெரியப்பா நம்பினார்.

இரண்டிலும் ஒரே விளையாட்டை ஏற்றி, அதை டிஸ்க்குக்குள்ளேயே இன்னொரு நகல் எடுக்கவிட்டார்கள். அப்பா கைக்கடிகாரத்தோடு நின்றார். எங்களுடையது முடித்துவிட்டது. பெரியப்பாவுடையது பாதி வழியில் கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்து குதித்தேன்.

அக்கா மட்டும் பெரியப்பாவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சரியான போட்டி இல்ல, பெரியப்பா. உங்க டிஸ்க் நெறஞ்சு போயிருக்கு. ஒரே ஃபைல் இங்க கொஞ்சம் அங்க கொஞ்சமா கெடக்கு. அடுக்கிட்டு மறுபடி பார்ப்போம்."

"நீதான் ஜெயிச்சிட்டியே," என்றார் அவர்.

"டிஸ்க் ஜெயிக்கல. என்னோடது காலியா இருக்கு, அவ்வளவுதான்."

வேண்டாததை அழித்து, அடுக்கும் வேலையை ஓடவிட்டாள். திரையில் வண்ணச் சதுரங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. நாங்கள் சாப்பிட்டு, தேநீரும் குடித்து முடித்த பிறகுதான் அவை ஓய்ந்தன. மறுபடி ஓடவிட்டபோது பெரியப்பாவுடையது முந்தியது.

"உங்களோடதுதான் வேகம், பெரியப்பா," என்றாள் அக்கா, நிறைவாக.

அப்பா கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். "அவ கோலாலம்பூர் போகட்டும், அண்ணே," என்றார்.

பெரியப்பா தன் கணினியை அணைத்தார். பிறகு, "போகட்டும்," என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. கையில் இருந்த வெற்றியை அக்கா தானே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதை ஏன் என்று கேட்பாரில்லை. அப்பாவோ அன்று மாலை எதிர்வீட்டுக்காரர், கீழ்த்தளத்துக் கடைக்காரர் என்று எல்லோரையும் நிறுத்தி, தன் மகள் தோற்ற கதையைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நான், வெட்கத்தில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.