வளையல் சத்தத்துக்குத் திரும்பாத குழந்தை

எழுபதுகளின் தொடக்கத்தில் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஒன்றரை வயதாகியும் என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்பமாட்டாள். அதுதான் எங்களைக் குழப்பியது. காது கேட்காவிட்டால் எப்போதுமே திரும்பக் கூடாதே?

பக்கத்து ஊர் டாக்டரிடம் காட்டினோம். அவர் அவள் முதுகுக்குப் பின்னால் கைதட்டினார். உடனே திரும்பினாள். "நல்லாத்தான் கேக்குது, பேச்சு மெதுவா வரும்" என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் இது பிடிவாதம் என்று நான் முடிவு கட்டினேன். கூப்பிடக் கூப்பிட அடுப்புப் பக்கம் போனவளை ஒருநாள் அடித்தும்விட்டேன். எதற்கு அடி என்று புரியாமல் என் முகத்தையே பார்த்தாள்.

அடுத்த வாரம், எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் வளையல்கார அம்மா வந்தார். வாசலில் மண்ணைக் கிளறி விளையாடிக்கொண்டிருந்த குழந்தையையே கொஞ்ச நேரம் கவனித்தார். ஒரு கொத்துக் கண்ணாடி வளையலை எடுத்து, அவளுக்குப் பின்னால் குலுக்கினார். அவள் திரும்பவில்லை. காதருகில் கொண்டுபோய்க் குலுக்கினார். அப்போதும் இல்லை.

"இந்தச் சத்தத்துக்குத் திரும்பாத புள்ளய நான் பாத்ததில்லீங்க சார்."

எனக்குக் கோபம் வந்தது. பின்னால் நின்று கைதட்டிக் காட்டினேன். திரும்பினாள்.

"உங்க நெழலு புள்ள முன்னால வுழுதுங்க. இந்தப் பக்கமா வந்து தட்டுங்க."

இடம் மாறி நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அவள் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இத்தன நாளா நெழலப் பாத்துத்தான் திரும்புச்சாங்க?" என்று கேட்டாள் என் மனைவி. படித்த டாக்டரை நம்புவதா, வளையல் விற்கிறவரை நம்புவதா என்று இரண்டு நாள் தவித்தேன். பிறகு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே பல விதமான ஒலிகளை எழுப்பிச் சோதித்தார்கள். மிகவும் குறைவாகத்தான் கேட்கிறது, நிழலையும் தரை அதிர்வையும் கைதட்டும்போது வரும் காற்றையும் உணர்ந்துதான் திரும்பியிருக்கிறாள் என்றார்கள். "ஆறு மாசத்துலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. காதுக் கருவி பொருத்தினார்கள். பயிற்சியும் தொடங்கியது. மூன்று வயது நெருங்கும்போது என்னைப் பார்த்து "ப்பா" என்றாள்.

இப்போது பிறந்த குழந்தைக்கே காதுச் சோதனை செய்துவிடலாம், சில நிமிட வேலைதான் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், பதில் வராத வீட்டுக்குள் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி நாங்கள் தொலைத்த அந்த ஒன்றரை வருடம்தான் மனதில் வந்து நிற்கிறது.