தேருக்கு ரிவர்ஸ் கியர் இல்லை

அன்னவாசலுக்கு மேற்கே காட்டாற்றைத் தாண்டினால் வருகிற அந்த ஊரில், மலையாண்டி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். முட்டுக்கட்டை மலையாண்டி என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பட்டம் அவருக்கு இரண்டு வழியில் வந்தது. அம்மன் கோயில் தேருக்கு வலது பக்கச் சக்கரத்தில் கட்டை போடுகிறவர் அவர்தான். ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் புளியங்கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த வேலை. இன்னொரு வழி கிராம சபை. எந்தத் தீர்மானம் வாசித்தாலும் பின்னால் இருந்து எழுந்து, அது யாருக்கு என்று கேட்டுவிடுவார். தார் ரோடா, யார் வீடு வரைக்கும்? தெருவிளக்கா, எந்தத் தெருவுக்கு? அவர் எழுந்தாலே பஞ்சாயத்துச் செயலர் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ சொல்லி அனுப்புவார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. கடலை போடுகிறார், கொஞ்சம் ஆடு வைத்திருக்கிறார். ஆனால் நாட்டை நடத்துவது பற்றி அவரிடம் இல்லாத யோசனை கிடையாது. எல்லா யோசனைக்கும் அச்சாணி தேர்தான். தேரை இழுக்க ஊரே வரும், நிறுத்தத்தான் ஆள் கிடைக்காது என்பார். அது தலைமையைப் பற்றி. ஒரு பக்கம் மட்டும் கட்டை போட்டால் தேர் எவன் வீட்டுக்குள்ளாவது போய்விடும் என்பார். அது நியாயத்தைப் பற்றி. தைரியம் பற்றியும் ஒன்று உண்டு. பயமே இல்லாதவனைச் சக்கரத்துப் பக்கம் விடக் கூடாது, அவன் சக்கரத்தைப் பார்க்க மாட்டான் என்று மெதுவாகச் சொல்வார். சாமி கும்பிடப் போய் சக்கரத்தைக் கும்பிட்டுவிட்டு வருகிற ஒரே ஆள் தன் வீட்டுக்காரர்தான் என்று அவர் மனைவி சுகுணா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இரண்டு வருசத்துக்கு முந்திய தேரோட்டத்தில்தான் வம்பு வந்தது. விழாக் கமிட்டித் தலைவர் எழிலரசன், சுகுணாவின் தம்பி. நல்ல பிள்ளை, ஊருக்கு உழைக்கிறவன். காட்டாற்றில் ஒரு பாலம் வாங்கிவிட வேண்டும் என்று அலைந்தவன். அதற்காகப் பெரிய பதவியில் இருந்த ஒரு பிரமுகரைத் தேருக்கு அழைத்திருந்தான். அவர் வடம் தொட்டுக் கொடுத்த பிறகுதான் தேர் நகரும் என்று ஏற்பாடு.

தேர் புறப்பட வேண்டியது எட்டரை மணிக்கு. ஒன்பதரை ஆயிற்று. எழிலரசன் போன் போட்டான். அன்னவாசல் தாண்டிவிட்டார் என்றார்கள். பத்தரைக்குப் போட்டான். அப்போதும் அன்னவாசல் தாண்டிவிட்டார். மேளக்காரர் ரெங்கசாமி, இன்னும் எத்தனை அன்னவாசல்தான் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தவிலை இறக்கி வைத்தார்.

வைகாசி வெயில். பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. இருந்தும் ஜனம் வடத்தை விடவில்லை. கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போது பிரமுகரின் ஆட்கள் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். படம் எடுக்கும்போது கூட்டமாகத் தெரியக் கூடாது, அவர் தொடுகிற வரைக்கும் யாரும் வடத்தைப் பிடிக்க வேண்டாம், எல்லாரும் ஓரமாகப் போங்கள் என்றார்கள். ஜனமும் போட்டுவிட்டு ஓரமாகப் போனது.

மலையாண்டி சக்கரத்தை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். காய்கிற தார் ரோட்டில் ஒரு கை கூடப் படாமல் வடம் கிடந்தது. அவருக்கு விவரம் தெரிந்த நாளாகத் தேர் நாளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. எழிலரசனைக் கூப்பிட்டார்.

"கட்டையை எடுக்கப் போறேன், மாப்ள."

"மச்சான், காரியத்தைக் கெடுத்துறாதீங்க. பாலம் கைக்கிட்ட வந்துருச்சு."

"பாலம் யாருக்கு? இந்தா, ஓரமாப் போகச் சொன்னீகளே, இவுகளுக்குத்தானே?"

எழிலரசனுக்கு முகம் சிவந்துவிட்டது. நாலு பேர் பார்க்க மச்சான் இப்படிக் கேட்டால் கமிட்டிக்கு என்ன மரியாதை?

"எடுங்க. எடுத்தா, இந்த வருசத்தோட கட்டை ஒங்க கையில இருக்காது. கமிட்டி சொல்லுது."

மலையாண்டிக்கு அந்தக் கட்டையை விட்டால் ஊரில் வேறு பெருமை கிடையாது. பதவி கேட்டதில்லை, மாலை வாங்கியதில்லை. வருசத்தில் ஒரு நாள் அந்தச் சக்கரம் அவர் சொல்லைக் கேட்கும், அவ்வளவுதான். சக்கரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குனிந்தார். கட்டையை உருவி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஊரே ஓரத்தில் நின்று அவரைப் பார்த்தது. யாரும் வடத்துக்கிட்டே வரவில்லை. கட்டையும் கையுமாக நடுரோட்டில் நிற்கிற அவரைப் பார்த்து ஒரு கைக்குழந்தை சிரித்தது. தன்னை விட மடையன் மாவட்டத்திலேயே கிடையாது என்று மலையாண்டிக்குத் தோன்றியது.

வேகவைத்த கடலை விற்கிற சின்னப்பிள்ளைதான் முதலில் அசைந்தாள். கூடையை இறக்கிக் கோயில் படியில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். வடத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒருத்தி இழுத்தா ஆத்தா கிளம்புவாளா? வாங்கடி."

பெண்கள் வந்தார்கள். பிறகு ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தார்கள். ரெங்கசாமி தவிலைத் தூக்கி அடித்த அடியில் கோபுரத்துப் புறா எல்லாம் கிளம்பிவிட்டது. இடது சக்கரத்துக் கட்டையையும் உருவியதும் தேர் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

பிரமுகர் நிஜமாகவே அன்னவாசல் தாண்டி வந்தபோது தேர் மேலத்தெருவில் போய்க்கொண்டிருந்தது. தெருவை அடைத்துக்கொண்டு தேர், அதன் பின்னால் அவருடைய கார்கள். ஆரன் அடித்தார்கள். மேளம் என்று நினைத்து யாரும் திரும்பவில்லை. கடைசியில் உதவியாளர் ஓடிவந்து, படம் எடுக்க வேண்டும், தேரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நிலையில் நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

மலையாண்டி கட்டை போட்டுத் தேரை நிறுத்தினார். வேர்வையைத் துடைத்தார். பிரமுகரும் இறங்கி நடந்து வந்துவிட்டதைப் பார்த்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"தேருக்கு ரிவர்ஸ் கியர் கெடையாதுங்கய்யா. வடத்துல எடம் இருக்கு. வாங்க."

எழிலரசன் கண்ணை மூடிக்கொண்டான். பாலம், ரோடு எல்லாம் ஆற்றோடு போவது அவனுக்குத் தெரிந்தது.

பிரமுகர் ஒரு நிமிசம் தேரைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வடத்தைப் பிடித்தார். பிடித்த இடம் சின்னப்பிள்ளைக்குப் பின்னால். அவளுக்கு அவர் யார் என்று தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பினாள்.

"ஏப்பா வெள்ளச்சட்டை, சும்மா புடிச்சுக்கிட்டு வராத. இழு."

மனுசன் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு இழுத்தார். தெரு திரும்புவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. போகிற வழியெல்லாம் சின்னப்பிள்ளை அவரிடம் ஊர்க் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். ஆற்றில் தண்ணீர் வந்தால் பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போவதையும் சொன்னாள். எத்தனை தூரம் என்று அவர் கேட்டார். படம் எடுக்க வந்தவன் எடுத்த எல்லாப் படத்திலும் சின்னப்பிள்ளையின் கொண்டை இருந்தது.

தேர் நிலைக்கு வந்து, அவரும் கிளம்பிப் போன பிறகு, மண்டபத்தில் கமிட்டி கூடியது. சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது. எழிலரசன் நடந்ததை மறந்துவிடலாம் என்றுதான் இருந்தான். மலையாண்டிதான் விடவில்லை. கட்டையைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தார். வைத்தாரே ஒழிய, கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கமிட்டி சொன்ன சொல்லு நிக்கணும் மாப்ள. நான் மீறுனேன். அதுக்கு உண்டானதை வாங்கிக்கிறேன்."

எழிலரசன் சுற்றிப் பார்த்தான். அடுத்த வருசம் யார் போடுகிறீர்கள் என்று கேட்டான். ஒருவருக்கு இடுப்பு வலி என்றார்கள், ஒருவர் திருச்சிக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னார். இடது பக்கம் கட்டை போடுகிற ஞானமணி, தனியாகப் போட்டால் தேர் கமிட்டித் தலைவர் வீட்டுக்குள்தான் போகும் என்றார். ரசம் ஆறுகிறது, பஞ்சாயத்தைச் சீக்கிரம் முடியுங்கள் என்று உள்ளே இருந்து சுகுணா சத்தம் கொடுத்தாள்.

எழிலரசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"கட்டை ஒங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா தண்டனை உண்டு. இனிமே எந்தப் பெரிய மனுசன் எதுக்கு லேட்டா வந்தாலும், நீங்கதான் மச்சான் போயிப் பதில் சொல்லணும்."

கையைக் கட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார் மலையாண்டி. கட்டையைத் தூக்கித் தோளில் வைத்தபோது கண் கலங்கியதை, வெயில் என்று சொல்லிச் சமாளித்தார்.

பாலத்துக்கு ஆள் வந்து அளந்துவிட்டு, பாறையில் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மீதி வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போன வருசம் தேர் நோட்டீஸ் அச்சடித்தபோது, வடம் பிடித்துத் துவக்கி வைப்பவர் என்ற இடத்தில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்று எழிலரசனே போட்டுவிட்டான். அதில் இப்போது புதுத் தகராறு. பொதுமக்கள் என்று மொத்தமாகப் போட்டால் எப்படி, எங்கள் பேரைத் தனித்தனியாகப் போடு என்று வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்கிறார்கள். முதல் ஆளாக வந்தவள் சின்னப்பிள்ளை. அவளுக்குப் போட்டோவும் வேண்டுமாம்.