மூன்றாம் பாகம் மட்டும் போதும்

அருப்புக்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீசில் பதினாறு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னாருடைய புஞ்சை, கிழக்கே கண்மாய்க் கரை என்று அடுத்தவர் நிலத்தின் எல்லைகளை அடித்து அடித்து, அந்த எல்லைகளுக்குள் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அதுதான் என்னைத் துப்பறியும் கதை எழுத வைத்தது. என் கதையில் துப்பு துலக்குகிறவள் வீடு வீடாகக் கரண்டு ரீடிங் எடுக்கப் போகும் பெண். அவள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஐந்து பாகங்கள் என்று திட்டம். பதிப்பகங்களிடமிருந்து பதில் வராததால் நானே அச்சடித்தேன். மூன்று பாகங்கள் வந்து, எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாக இருந்தன.

எழுதத் தெரிந்த எனக்கு விற்கத் தெரியவில்லை. வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒருவர் இணையத்தில் வகுப்பு எடுத்தார், அதில் சேர்ந்தேன். தொடர்கதைக்கு முதல் பாகம்தான் வாசல், அதை இலவசமாகக் கொடுங்கள், உள்ளே வந்தவர்கள் மீதியைத் தாங்களே கேட்டு வாங்குவார்கள் என்றார்.

சரி என்று முதல் பாகத்தில் ஒன்றைப் பல் டாக்டர் கிளினிக்கிலும் ஒன்றைத் தையல் கடையிலும் வைத்தேன். பின்னட்டையில் என் போன் நம்பர் இருந்தது. பல் டாக்டர் கிளினிக்குக்கு வாரம் ஒரு தடவை சும்மா போய்ப் பார்ப்பேன். பதினெட்டாம் பக்கத்தில் யாரோ மூலையை மடித்திருந்தார்கள். அடுத்த வாரம் முப்பத்தொன்றில் மடிப்பு. அதற்கடுத்த வாரம் ஒன்பதில். ஒருவர் முன்னே போனாரா, இன்னொருவர் புதிதாக ஆரம்பித்தாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. உனக்குப் பல்லில் என்னதான் கோளாறு என்று அங்கே சீட்டு கொடுக்கிற பெண் கேட்டுவிட்டதால் போவதை நிறுத்தினேன்.

தையல் கடையில் வைத்த முதல் பாகம் காணாமல் போனது. அன்றைக்குக் கைப்பையில் மூன்றாம் பாகம்தான் இருந்தது. இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று அதை வைத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் அதுவும் போய்விட்டது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் பேசியிருந்தாள். மூன்றாம் பாகம் பன்னிரண்டு புத்தகம் வேண்டும் என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பன்னிரண்டு புத்தகம் ஒரே நேரத்தில் வெளியேறும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து அனுப்பட்டுமா, அவற்றைப் படித்தால்தான் இது நன்றாகப் புரியும் என்று பதில் போட்டேன். “மூணு மட்டும் போதும்க்கா” என்று வந்தது. மூன்று வாரம் கழித்து இன்னும் ஆறு கேட்டாள். அதுவும் மூன்றாம் பாகம்தான்.

வகுப்பு எடுத்தவரிடம் கேட்டேன். அந்த ஊரில் ஏதாவது வாசகர் வட்டம் இருக்கும் என்றார். வாசகர் வட்டம் எதற்கு நடுவிலிருந்து ஆரம்பிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஆறு புத்தகங்களைத் தபாலில் போடாமல், நானே கொண்டு வாரேன் என்று சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். திருச்சுழி தாண்டியதும் இரண்டு பக்கமும் கருவேலமும் வெயிலும்தான். நரிக்குடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன்.

பள்ளிவாசல் தெருவில் அவள் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். தையல் கடையிலிருந்து புத்தகத்தை எடுத்தது தான்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் புரட்டிப் பார்த்தாளாம். நாலு பக்கம் படித்ததும் கீழே வைக்க மனசு வரவில்லையாம். துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாளாம்.

அவளை அப்படி எடுத்துவர வைத்த கதை இதுதான். மூன்றாம் பாகத்தில் ஒரு கண்மாயின் மடைக் கதவு, அதாவது தண்ணீரைத் திறந்து மூடுகிற இரும்பு ஷட்டர், ஒரே ராத்திரியில் காணாமல் போகும். கண்மாய் வற்றி, வயல் காயும். அதற்கு முந்தின வாரம் அந்த ஷட்டரின் கைப்பிடியை ஒட்டவைத்துக் கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரன்தான் கழற்றி விற்றுவிட்டான் என்று ஊர் சொல்லும். கடைசியில், துருப்பிடித்த ஷட்டர் தண்ணீரின் வேகத்தில் தானாகக் கழன்று சேற்றுக்குள் புதைந்து கிடந்ததை ரீடிங் எடுக்கிற பெண் கண்டுபிடிப்பாள்.

அவளுடைய ஊரில் எட்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஷட்டர் காணாமல் போயிருக்கிறது. கைப்பிடியை ஒட்டவைத்தது அவள் அண்ணன். போலீசும் கேஸும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு ஒருவரும் வேலை கொண்டுவரவில்லை. பட்டறையை மூடிவிட்டுத் துபாய்க்குப் போனவர், லீவு கிடைத்தும் ஊருக்கு வரவில்லை.

“எங்க அண்ணன் எடுக்கலன்னு உங்களுக்கு யாருக்கா சொன்னாக?” என்று கேட்டாள்.

யாரும் சொல்லவில்லை, நானாகக் கற்பனை செய்தது என்றேன். வெல்டிங்காரன் என்று வைத்ததுகூட, எங்கள் ஆபீசுக்கு எதிரே ஒரு பட்டறை இருப்பதால்தான் என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எதையோ அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் இருந்தது. பத்திரம் பதிய வந்த யாராவது பேசியது காதில் விழுந்து, மறந்து, கதையாக வந்திருக்குமோ என்று இன்றைக்கும் சில சமயம் யோசிக்கிறேன். தெரியவில்லை.

அவள் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். “அதுனால என்னக்கா. எங்க அண்ணன்தான் எடுத்தாருன்னு சொல்றவுகளும் கண்ணால பாத்துச் சொல்லலையே” என்றாள்.

பன்னிரண்டு புத்தகத்தையும் அவள் யாருக்கும் விற்கவில்லை. அன்றைக்கு எந்தெந்த வீட்டு வயல் காய்ந்ததோ அந்தந்த வீட்டுப் பெண்களிடம், படிச்சிட்டுக் குடுங்க என்று கொடுத்திருக்கிறாள். முதலில் அண்ணனைக் கைகாட்டிய பெரிய வீட்டுக்காரரின் மனைவிக்கும் ஒன்று போயிருக்கிறது. எனக்குத் தெரிந்த விற்பனை உத்தி எதிலும் இது இல்லை.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். அண்ணன் அங்கே லாரி ஓட்டுகிறார், படிக்க நேரமில்லை. அவள் கதையை வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாமா? வகுப்பில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது, உள்ளடக்கத்தை மட்டும் இலவசமாக வெளியே விட்டுவிடாதீர்கள் என்பதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்துச் சரி என்றபோது, நாலாவது அத்தியாயம் வரை ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

எனக்கும் ஒரு பதிவு அனுப்பினாள். கேட்டால், நான் ஆசை ஆசையாக எழுதிய ஒரு பக்க வர்ணனையைக் காணோம். கேட்டதற்கு, வெயிலு, கருவேலம்னு வாசிச்சா அவுக வண்டி ஓட்டிக்கிட்டே தூங்கிருவாக என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. புத்தகத்தை எடுத்து, அவள் வேறு எங்கெல்லாம் தாண்டியிருக்கிறாள் என்று பென்சிலால் குறித்தேன். குறித்த இடங்களில் பாதி, எழுதும்போதே எனக்குச் சலித்த இடங்கள்.

அந்தப் பதிவுகள் அண்ணனோடு நிற்கவில்லை. அவருடைய அறையில் இருந்தவர்களுக்குப் போய், அவர்களிடமிருந்து வேறு குரூப்புகளுக்குப் போயிற்று. முன் பின் தெரியாத நம்பர்களிலிருந்து, இந்த ரீடிங் அக்கா முதல் கேஸ் எது, அவர் வீட்டுக்காரர் எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். அதெல்லாம் முதல் பாகத்தில் இருக்கிறது என்றேன். ஊரிலிருக்கும் தங்கைகள், மனைவிகள் பெயரில் ஆர்டர் வந்தது. நான் வாசல் என்று நினைத்ததற்குள் அவர்கள் பின்பக்கமாக வந்துசேர்ந்தார்கள்.

அண்ணனும் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினார். ஷட்டரை வலப்பக்கம் திருகினால் ஏறும். நீங்கள் இறங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். அடுத்த அச்சில் திருத்தினேன்.

கோடையில் அந்தக் கண்மாயைத் தூர்வாரினார்கள். மடைக்குப் பக்கத்தில் வேலை முடிந்து ஜேசிபியைத் திருப்பும்போது, பெரிய வீட்டுக்காரர் இறங்கிப் போய்த் துண்டால் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே இன்னும் கொஞ்சம் தோண்டு என்றாராம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். பார்க்க ஊரே கரையில் நின்றிருக்கிறது. அவளும் நின்றிருக்கிறாள். ஓர் ஆள் உயரம் தோண்டினார்கள். ஓர் உடைந்த ஆட்டுக்கல்லும் கொஞ்சம் சங்கிலியும் கிடைத்தன. ஷட்டர் இல்லை.

போனில்தான் அவள் இதைச் சொன்னாள். கற்பனையை நம்பி ஒரு பெண் கரையில் நின்று ஏமாந்தாளே என்று வருத்தமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

“எதுக்குக்கா? இத்தன வருசத்துல அவுக ஒரு நாளாவது தேடுனாகளா? இப்பத் தேடுனாகல்ல” என்றாள். குரலில் ஏமாற்றமே இல்லை.

அடுத்த பெருநாளுக்கு அண்ணன் ஒரு மாச லீவில் வந்தார். வந்த இரண்டாம் வாரம், பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து, கம்பிக் கேட் ஒன்று கீல் விட்டுப்போயிருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பூட்டிக் கிடந்த பட்டறையிலிருந்து மெஷினை எடுத்துக்கொண்டு போய் ஒட்டவைத்துக் கொடுத்திருக்கிறார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஒண்ணும் பேசலையாம்க்கா. டீ மட்டும் ரெண்டு தடவ குடுத்தாகளாம்.”