மலையில் விழுந்த விமானத்தின் ஐந்தாவது பெயர்

பசறையில் மருந்துக் கடை வாசலில் நின்றபோது கனகசபை ஐயாவின் மகள் அழைத்தார். "அப்பா காலமை மோசம் போயிட்டார். உங்களுக்கு முதல்ல சொல்லச் சொன்னவர்" என்றார். மருந்தை வாங்காமலே பஸ் ஏறினேன்.

நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் அவர் பெரிய கிளாக்கர். எனக்கு அடுத்த மேசை. யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய ஒழுங்கையும் முன்கோபத்தையும் உங்களில் பலர் அறிவீர்கள். ஒற்றை விமானத்தின் வரலாற்றை அவர் ஏழு வருடம் எழுதியதை அறிந்தவர்கள் குறைவு.

உலகப்போர்க் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு மேலே பிரித்தானிய விமானமொன்று விழுந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பழைய கோப்பொன்றில் அதன் வால் இலக்கம் ஐயாவின் கண்ணில் பட்டது. இங்கிலாந்துக்கு எழுதினார். பதில்கள் ஆறுதலாக, மாதக்கணக்கில் வந்தன. அந்த விமானம் முதலில் எகிப்துப் பாலைவனத்தின் மேல் குண்டு போட்டது. ஒரு இயந்திரம் எரிந்து, மற்றதோடு திரும்பி வந்தது. பிறகு இலங்கைக்கு வந்து ஜப்பானியக் கப்பல்களைத் தேடிக் கடல்மேல் பறந்தது. ஒரு மழை நாளில் முகிலுக்குள் மலையில் மோதியது. கடைசி வரி: நால்வர் மரணம்.

அந்த இடத்தைப் பார்க்க நாங்கள் இருவரும் மலையேறினோம். இறங்கும் வழியில், தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்தில், வயதான மாரியாயி அம்மா சொன்னார்: "எரியிற ஏரோப்பிளேன்ல இருந்து ஒரு வெள்ளக்காரத் தொரைய இழுத்துப் போட்டாருங்க எங்கப்பா. இன்னொருத்தரு கத்துறாருன்னு மறுபடி உள்ள போனாரு. வரலீங்க."

"அவற்ற பேர்?" என்று கேட்டார் ஐயா.

"சின்னமுத்துங்க. யாருமே கேட்டதில்ல."

ஐயா அங்கேயே நின்று எழுதிக்கொண்டார். "நாலு பேரெண்டு எழுதி வைச்சிருக்கினம். இது பிழையான பதிவு" என்றார்.

அடுத்த வருடம் புலிகளைத் தேடி வந்த பொலிஸார் அவருடைய மேசை லாச்சியைத் திறந்தார்கள். விமானப் படங்கள், இலக்கங்கள், வெளிநாட்டுக் கடிதங்கள். வைத்திருந்தவர் யாழ்ப்பாணத் தமிழர். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இதெல்லாம் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். அது ஐம்பது வருடத்துக்கு முந்திய விமானம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

ஐயாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு மாதம் உள்ளே இருந்தார். வந்தபோது வலது காது கேட்கவில்லை. இரண்டு வாரம் அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. பிறகு போனேன். உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். "பேப்பர் ஒண்டும் திருப்பித் தரேல்லை. உமக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் மறுபடி எழுதினோம். அவர் சொல்வார், நான் எழுதுவேன். நான் தயங்கும் இடத்தில் அவர் எழுதுவார். ஐந்தாவது பெயரைச் சேர்க்கச் சொல்லி ஒரு பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். விமானப்படையினர் பெயர்களை மட்டுமே பதிவதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினார். போன வருடம்வரை எழுதிக்கொண்டிருந்தார், பதிவு மாறவில்லை.

கொப்பி முடிந்த நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார். நான் யோசிப்பதைக் கண்டு, "பயமெண்டால் விடும். உமக்குப் பிள்ளையள் இருக்கினம்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. போட்டேன்.

அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கொப்பி முடிந்த பிறகும் ஞாயிறுகளில் அவரிடம் போய்வந்தேன்; நானாகச் சொல்வதற்குப் பன்னிரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. சொல்லவில்லை. அதுவும் என்னிடம்தான் இருக்கிறது.