அடுத்த முசாஃபிருக்கு ஒரு குடம் தண்ணீர்

போன வாரம் குன்னூர் பஜாரில் ஒரு டெய்லர் என்னைப் பிடித்துக்கொண்டார். சட்டைக்கு அளவு கொடுக்கத்தான் போனேன். அவர் விடுவதாக இல்லை.

"ஏனுங்க, இன்னும் சட்டைதானுங்களா? சஃபாரி தைச்சுக்கங்க. போட்டுட்டு நடந்தீங்கன்னா எஸ்டேட் மேனேஜரே வழி விடுவாரு!"

"சஃபாரின்னா என்னங்க அர்த்தம்?"

"நாலு பாக்கெட்டுங்க!"

சொல்லிவிட்டு அடுத்த ஆளின் இடுப்பை அளக்கப் போய்விட்டார். நான் வெளியே வந்தேன். மார்க்கெட் படிகளில் மேகம் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் மேகத்துக்குத்தான் வீடு, வாசல், வாடகை எதுவும் வேண்டாம்...

அரபியில் சஃபர் என்றால் பயணம். அந்தச் சொல் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் சஃபாரி ஆனது. வெள்ளைக்காரன் கையில் வேட்டை ஆனது. கடைசியில் குன்னூர் டெய்லரிடம் நாலு பாக்கெட்டாக வந்து நிற்கிறது!

பயணம் போகிறவன் முசாஃபிர். உருதுவில் அப்படித்தான், இந்தியில் அப்படித்தான், மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். ஆனால் துருக்கியில்?

எட்டாவதைத் தாண்டாதவனுக்குத் துருக்கி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கப்பல் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தால் எல்லாப் பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் கையில் ஒட்டும். அங்கே ஒரு துருக்கிக் கிழவர் சமையல்காரர். "நீ யார், எந்த ஊர்?" என்றார் கைஜாடையில். ஊர் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "முசாஃபிர்" என்றேன். உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சூப் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் நாட்டில் அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்று அர்த்தமாம்!

அரபி எழுத்தில் எழுதினால் அதே சொல். வழிப்போக்கன் எந்த இடத்தில் விருந்தாளியாக மாறினான்?

சூப்பைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். அந்த இடத்தை நான் கப்பலுக்குப் போகுமுன்பே குன்னூரில் பார்த்திருந்தேன்.

சிலோன் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களைக் கப்பலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். மூட்டையும் டிரங்குப் பெட்டியுமாக இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். அங்கே அவர்களுக்கு இந்தியாக்காரர்கள் என்று பெயர். இங்கே சிலோன்காரர்கள்.

நான் அப்போது லாரிக்கு முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். படுக்கை, பள்ளிவாசல் சந்தில் இருந்த முசாபர்கானாவில். வாசலில் ஒரு பச்சைப் பலகை. அதில் அரபி எழுத்தில் ஒரே சொல், முசாஃபிர். எந்த ஊர், எந்த மதம் என்றாலும் வழிப்போக்கர் தங்கலாம். ஆனால் மூன்று ராத்திரிக்கு மேல் கூடாது. முன்பு ஒரு முசாஃபிர் வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளையும் பெற்று, சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை என்று சண்டையும் போட்டாராம். அதற்குப் பிறகு வந்த சட்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கிளம்புகிறவர், அடுத்து வருகிறவருக்காகக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, அடுப்பருகே விறகு அடுக்கிவிட்டுத்தான் போகவேண்டும். இடத்தைப் பார்த்துக்கொண்ட காதர் பாய் இதில் ரொம்பக் கறார். நானே எத்தனையோ தடவை குடம் நிரப்பி வெளியேறி, லாரியில் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

அங்கேதான் முத்தம்மாவும் அவள் புருஷன் ராமையாவும் வந்து சேர்ந்தார்கள். எஸ்டேட்டில் வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் லயத்தில், அதாவது கூலிக்காரர் குடியிருப்பு வரிசையில், அவர்கள் அறையின் கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது. கூரை போட்டபிறகு வரச் சொன்னார்கள். ராமையாவுக்கோ நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். அந்தக் குளிரில் வெளியே படுத்தால் ஆள் தேறமாட்டார்.

மூன்றாம் ராத்திரி கழிந்தது. விடிந்ததும் முத்தம்மா தரையைக் கழுவினாள். குடத்தை நிரப்பினாள். விறகைப் பிளந்து, ஒரே நீளமாக அடுக்கினாள். பெட்டியைத் தூக்கினாள்.

"எங்கக்கா போறீங்க? பாய்கிட்ட கேட்டுப் பாக்கலாமே?" என்றேன்.

"வேணாந் தம்பி. அங்க சிலோன்ல ஒரு தடவ போன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு வாயால அதக் கேக்க ஏலாது. சொல்றதுக்கு முந்தி நாமளே போயிறணும்."

பெட்டியை வாங்கிக்கொண்டு நானும் நடந்தேன். காதர் பாய் வாசலில் நின்று பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டில் எதிரில் இருப்பவர் முகம் தெரியாத மூடுபனி. ராமையா கம்பளிக்குள் நடுங்கினார். அந்த வெள்ளைக்குள்ளிருந்து பஸ்கள் வந்தன. அந்த வெள்ளைக்குள்ளேயே போயின. ஊட்டி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம்... ஒவ்வொரு கண்டக்டரும் எந்த ஊர் என்று கேட்டார். முத்தம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம் பனிக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. கீழே காதர் பாய். எங்களை முன்பின் பார்க்காதவர் மாதிரி நின்றார்.

"ஏனுங் அம்மிணி, எங்கிருந்து வர்றீங்க?"

முத்தம்மாவுக்குப் பொய் வராது. "என்ன பாய் இப்புடிக் கேக்குறீங்க? காலையில உங்க எடத்துல இருந்துதானே வந்தோம்!"

"அது காலையிலீங்க. இப்ப எங்கிருந்து?"

"இப்ப... இந்த பஸ் ஸ்டாண்டுல இருந்து."

"அப்ப வெளியூருதானே? நடங்க. நம்மகிட்ட முசாஃபிருக்கு எடமிருக்கு."

ராமையா சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது.

அறைக்குள் போனதும் முத்தம்மா குடத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். காலையில் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது.

"யாருக்கோன்னு நெனச்சுல்ல நெறச்சு வச்சேன்..."

"யாருக்கோதான் அம்மிணி. அந்த யாரோ வந்தாச்சு. அடுப்பப் பத்த வைங்க."

காதர் பாய் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. துணி விரித்து, உட்காரவைத்துப் பரிமாறினார். அந்தத் துணிக்கு அவர்கள் வீடுகளில் சுப்ரா என்று பெயர். அதுவும் சஃபரோடு பிறந்த சொல்தானாம். ஆதியில், வழிக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு!

கூரை வரும்வரை இப்படியே நடந்தது. கெடு முடிந்த காலையெல்லாம் முத்தம்மா முறையாகக் கிளம்புவாள். திரும்பி வரப்போவது தெரிந்தும் குடத்தை அரைகுறையாக நிரப்பமாட்டாள். சாயங்காலம் குடை வரும். "எங்கிருந்து வர்றீங்க?" என்ற கேள்வியையும் பாய் ஒரு நாள்கூட விட்டதில்லை. ராமையா மெல்ல எழுந்து நடமாட ஆரம்பித்தார்.

ஒரு நாள் எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. முத்தம்மா தண்ணீர் நிரப்பி, விறகு அடுக்கி, வாசலில் நின்றாள்.

"பாய், இன்னிக்கு நெசமாவே போறோம். அந்திக்கு வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னுறாதீங்க!"

அன்று சாயங்காலமும் பாய் குடையை எடுத்தார்.

"அவங்கதான் போயிட்டாங்களே பாய்?"

"பஸ்ஸு வர்றது நிக்கலயே தம்பி" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கினார்.

மறுபடி போய் டெய்லரிடம் சாதாச் சட்டையே போதும் என்று சொல்லிவிட்டேன். சஃபாரியில் நாலு பாக்கெட் இருந்தும் ஒன்றில்கூடக் குடை நுழையாதாம்!